தளம் போட்ட சனிக்கிழமை

தளம் போடும் நாள் காலையில் என் மனைவி எர்மெலிந்தா சிவப்புப் பாவாடை கட்டிக்கொண்டு அடுப்பு முன்னால் நின்றாள். அதற்கு மேல் ஒரு பழைய ஏப்ரனைச் சுற்றிக்கொண்டு, பாவாடை வெளியே தெரியாதபடி அதை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தாள். ஓரமெல்லாம் பூவேலை செய்த பாவாடை; எங்கள் மலையூரில் பெண்கள் திருவிழாவுக்குக் கட்டுவது. லிமா நகரத்துக்கு வந்த பிறகு அவள் அப்படி ஒன்றைக் கட்டி நான் பார்த்ததில்லை. எப்போது தைத்தாள் என்றும் தெரியவில்லை. எங்கள் வீட்டுத் தையல் மெஷின்களில் பள்ளிக்கூடச் சீருடையைத் தவிர வேறு துணி ஓடியதே கிடையாது.

“யாருக்குக் கல்யாணம்?” என்றேன்.

“வாய மூடிக்கிட்டு அந்த விறக உள்ள தள்ளு,” என்றாள். ஆனால் சிரித்துக்கொண்டே சொன்னாள். லிந்தா சிரித்துக்கொண்டு திட்டுவது எங்கள் வீட்டில் அபூர்வம். நான் மறுபேச்சில்லாமல் விறகைத் தள்ளினேன்.

அண்டா நிறையப் பன்றிக்கறி கொதித்துக்கொண்டிருந்தது. முந்தின நாளே மிளகாய் விழுதிலும் சோளக் கள்ளிலும் ஊறவைத்த கறி. இன்னொரு அண்டாவில் உருளைக்கிழங்கு. சுவரோரம் பீர் கேஸ்கள். பக்கத்துத் தெரு சங்கத்திலிருந்து நாற்காலிகளை இரவல் வாங்கி நான் சவாரி ஓட்டுகிற மூன்று சக்கர மோட்டோவில் நடை நடையாக ஏற்றி வந்திருந்தேன். ஹார்ப்பு, வயலின், சாக்ஸபோன் வாசிக்கிற எங்கள் ஊர்ப்பக்கத்து ஆட்களுக்கும் அவளே நேரில் போய்ச் சொல்லிவிட்டு வந்திருந்தாள். பாட்டுச் சத்தம் கேட்டாலே ஜன்னலைச் சாத்துகிற மனுஷி. அவள் வாத்தியக்காரர்களைத் தேடிப் போனாள் என்பதை அந்த ஹார்ப்புக்காரனே என்னிடம் சொன்னபோதுதான் நம்பினேன்.

எல்லாம் அந்தத் தளத்துக்காக. நாங்கள் இந்த மலைச்சரிவுக்கு வந்தபோது பாய்த் தட்டிதான் சுவர். அப்புறம் செங்கல் சுவர் எழும்பியது, மேலே மட்டும் தகரம் அப்படியே நின்றுவிட்டது. இங்கே மழை என்று ஒன்று பெய்யாது. குளிர்காலம் முழுக்க மூடுபனி தூறலாக இறங்கி, தகரத்தின் அடியில் சேர்ந்து, துருவோடு சொட்டும். ஒரு தடவை கடைக்காரருக்குக் கொடுக்க வேண்டிய வெள்ளைச் சட்டைக் கட்டு முழுக்கத் துருக்கறை. எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்த்துத் தேய்த்து அவள் விரல் வெந்ததுதான் மிச்சம், கறை போகவில்லை. கடைக்காரர் கட்டை அவள் காலடியில் எறிந்தார். அன்றைக்கு லிந்தா அழவில்லை. வீட்டுக்கு வந்து தகரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு வெகு நேரம் நின்றாள். அதற்கப்புறம் எங்கள் வீட்டில் எதைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: “தளம் போடட்டும்.”

கடலுக்குப் போவோமா? தளம் போடட்டும். எங்கள் வாசலில் நின்றால் தூரத்தில் கடல் தெரியும். ஒரு நாளும் அதில் கால் நனைத்ததில்லை. ஊர்த் திருவிழாவுக்குப் போவோமா? தளம் போடட்டும். ஞாயிற்றுக்கிழமை மண் மைதானத்தில் எங்கள் ஊர்க்காரர்கள் பந்து விளையாடுவார்கள். நான் கோல் போஸ்ட் பக்கத்தில் நின்று கத்தத் தொடங்கும்போது செல்போன் அடிக்கும். “சவாரி ஒண்ணும் இல்லியா? பொத்தான் தைக்க ஆள் இல்ல, வா.” நான் கிளம்புவேன். பின்னாலிருந்து எவனாவது “முதலாளி கூப்பிட்டாச்சு, ஓடுடா தெயோ!” என்பான். நானும் அவர்களோடு சேர்ந்து சிரித்துவிட்டுத்தான் போவேன். பெண்டாட்டியைக் கிண்டல் செய்கிறவர்களோடு சேர்ந்து சிரிப்பது அப்போது எனக்குச் சுலபமாக இருந்தது.

எங்கள் சரிவில் தளம் போடக் கூலிக்கு ஆள் வைப்பதில்லை. மேஸ்திரியும் அவருடைய ஆட்கள் இரண்டு பேரும் வருவார்கள், மற்றபடி சொந்தபந்தம்தான். மிஷினில் கலவை புரண்டு விழ விழத் தகர டின்னில் வாங்கித் தோளில் வைத்துக்கொண்டு பலகை ஏணியில் ஏற வேண்டும். ஆரம்பித்தால் முடிகிறவரை நிறுத்தக் கூடாது. முடிந்ததும் வீட்டுக்காரர்கள் சோறு போடுவார்கள், பீர் வரும், வாத்தியம் வரும், விழுந்து விழுந்து ஆடுவார்கள். அதைக் கூலி என்று சொல்லிப் பாருங்கள், சண்டைக்கு வந்துவிடுவார்கள். உன் வீட்டுக்கு நான் சுமந்தேன், உன்னோடு உட்கார்ந்தேன். நாளைக்கு நீ எனக்குச் சுமப்பாய், என்னோடு உட்காருவாய். இதற்கு எங்கள் ஊர்ப் பேச்சில் ஐனி என்று பெயர். வாங்கினது எதுவோ அதைத்தான் திருப்ப வேண்டும். சோளம் வாங்கினால் சோளம், தோள் வாங்கினால் தோள்.

லிந்தா யார் வீட்டுத் தளத்துக்கும் போகாமல் இருந்ததில்லை. அதை யாரும் குறை சொல்ல முடியாது. ஆண்பிள்ளைகள் மூச்சு வாங்கி நிற்கும்போதும் அவள் டின்னைத் தூக்கிக்கொண்டு விடுவிடுவென்று ஏறுவாள். ஆனால் கடைசி டின் கொட்டியதும் கை கழுவுவாள், தட்டை வாங்கித் துணியில் கட்டுவாள், என்னைப் பார்ப்பாள். அந்தப் பார்வைக்கு நான் எழுந்துவிடுவேன்.

செனாய்தா வீட்டுத் தளத்தன்று நடந்ததை நான் மறக்கவில்லை. செனாய்தா எங்கள் ஊர்க்காரி, லிந்தாவோடு ஒன்றாக ஆடு மேய்த்தவள். தெற்கே சுரங்கத்தில் வேலை பார்க்கிற எங்கள் மகனுக்கு ஞானத்தாய்; அந்த உறவில் அவளும் அவள் புருஷனும் லிந்தாவைக் கொமாத்ரே என்றுதான் கூப்பிடுவார்கள். காலையில் முக்கில் கஞ்சி விற்கிறாள், மற்ற நேரம் சிரித்துக்கொண்டிருக்கிறாள். அன்றைக்கு அவள் வாசலில் சாக்ஸபோன் தொடங்கியதும் லிந்தாவின் கையைப் பிடித்து இழுத்தாள். “வாடி கொமாத்ரே, ஒரே ஒரு ஆட்டம்!” என்றாள். லிந்தா கையை உதறிக்கொண்டு, வாத்தியம் நின்ற இடைவெளியில், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்: “உனக்கு நேரம் கொட்டிக் கிடக்கு. எனக்கு இல்ல. இப்பிடி நாள் முழுக்கக் குடிச்சு ஆடினா உன் மாடிச் சுவர் தானா எழும்பிடுமா?” செனாய்தாவின் முகம் செத்துப்போனது. அப்புறம் அவளே சிரித்துச் சமாளித்து, லிந்தாவின் தட்டில் இன்னும் ஒரு துண்டு கறி வைத்துக் கொடுத்தனுப்பினாள். நான் எலும்பைக் கடித்தபடி லிந்தாவின் பின்னால் நடந்தேன்.

லிந்தா கெட்டவள் இல்லை. ஓய்வு என்பதை யாரோ ஒருவருடைய பொருளைத் திருடுகிற மாதிரி நினைப்பவள், அவ்வளவுதான். உட்கார்ந்தால் தகரம் சொட்டும் என்று பயம். அந்தப் பயம் போட்ட சோற்றைத்தான் நானும் இத்தனை வருஷம் சாப்பிட்டேன், குறை சொல்ல எனக்கு வாய் கிடையாது.

போன மாதம் ஒரு மத்தியானம் சொல்லாமல் சாப்பிட வந்தேன். செல்போனில் மெதுவாக ஒரு வாய்னோ, எங்கள் மலைப்பக்கத்து ஆட்டப் பாட்டு, ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு மெஷின்களுக்கு நடுவில், கழுத்தில் இஞ்ச் டேப் தொங்க, லிந்தா தரையைத் தட்டித் தட்டி ஆடிக்கொண்டிருந்தாள். காலடி தப்பியது, நின்றாள், முதலிலிருந்து தொடங்கினாள். என்னைப் பார்த்ததும் காலைப் பலமாக ஒரு மிதி மிதித்து, “கரப்பான்,” என்றாள். நானும் குனிந்து கரப்பானைத் தேடினேன். வேறென்ன செய்ய? சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவளே சொன்னாள்: “தளம் முடிஞ்ச அன்னிக்கு மெஷினத் தொட மாட்டேன் தெயோ. மறுநாளும் தொட மாட்டேன். செனாய்தா கூட ஆடணும். அவ கூப்பிட்டு நான் போகலல்ல, நானே கூப்பிடணும்.” இதைச் சொல்லும்போது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, தட்டைப் பார்த்துச் சொன்னாள். தனக்கென்று அவள் வாய்விட்டுச் சொல்லி நான் கேட்ட ஒரே ஆசை அதுதான்.

அந்தச் சனிக்கிழமை எல்லோரும் வந்தார்கள். ஒருவர் பாக்கியில்லை. செனாய்தா, அவள் புருஷன் அப்தோன், பந்து விளையாடுகிறவர்கள், அவர்கள் மனைவிமார், கீழ்த் தெருக்காரர்கள் என்று வாசல் நிறைந்துவிட்டது. எங்கள் சரிவில் புதுத் தளத்துக்கும் ஒரு ஞானத்தகப்பன் வைப்பார்கள்; எங்கள் தளத்துக்கு அப்தோன்தான். சென்ட்ரிங் பலகை ஓரத்தில் நாடா கட்டி ஒரு பாட்டிலைத் தொங்கவிட்டிருந்தான். வேலை முடிந்ததும் சுத்தியலால் அவன் அதை உடைக்க வேண்டும். மேஸ்திரி ஃபிதென்சியோ சிலுவை போட்டுக்கொண்டு மிஷினை ஓட்டச் சொன்னார்.

அப்படி ஒரு வேலையை நான் பார்த்ததில்லை. டின்னைக் கீழே வைக்க நேரமில்லை. யாரும் நிற்கவில்லை. ஏணியில் ஏறுகிறவனைப் பார்த்து “உன் பெண்டாட்டி இதைவிடக் கனமா?” என்று கேட்க ஆள் இல்லை. கலவைச் சேற்றை அள்ளிப் பின்னால் அடிக்கிற விளையாட்டும் இல்லை. நடுவில் கள்ளுக் குடம் சுற்றும், அதையும் காணோம். ஒருவன் சீழ்க்கை அடிக்க ஆரம்பித்தான். செனாய்தா அவனைத் திரும்பிப் பார்த்தாள், நிறுத்திவிட்டான். எனக்கு அது உறுத்தியது. ஆனால் தோளில் டின் இருக்கும்போது மனிதன் எவ்வளவு யோசிப்பான்? லிந்தா ஏப்ரனோடு ஏறி இறங்கிக்கொண்டிருந்தாள், முகமெல்லாம் சிமெண்ட், பல்லெல்லாம் சிரிப்பு. “இவ்ளோ வேகமா போகுதே!” என்று என் காதில் சொன்னாள். மேஸ்திரிகூட, “உங்க ஊர்க்காரங்க என்னங்க, பேய் மாதிரி வேலை பார்க்குறாங்க?” என்றார்.

சாயங்காலம் முடிய வேண்டிய வேலை மத்தியானம் முடிந்துவிட்டது. மேலே தளம் சாம்பல் நிறத்தில் ஈரமாகப் பளபளத்துக்கொண்டு கிடந்தது. அப்தோன் சுத்தியலை ஓங்கினான், பாட்டில் உடைந்து நுரை வழிந்தது, எல்லோரும் கை தட்டினார்கள். லிந்தா உள்ளே ஓடிப்போய் முகம் கழுவி, ஏப்ரனைக் கழற்றி எறிந்துவிட்டு, அந்தச் சிவப்புப் பாவாடையோடு வெளியே வந்தாள். தலைமயிர் நனைந்து ஒட்டியிருந்தது. வாத்தியக்காரர்களுக்குக் கை காட்டினாள். சாக்ஸபோன்காரன் ஊத ஆரம்பித்தான். அவள் கரண்டியை எடுத்துக்கொண்டு அண்டாவின் பக்கத்தில் போய் நின்றாள். கால் மட்டும் பாட்டுக்குத் தாளம் போட்டுக்கொண்டிருந்தது, அவளுக்கே தெரியாமல்.

முதலில் கீழ்த் தெருக்காரர் ஒருவர் வந்தார். கை கழுவிய ஈரத்தைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு, “அப்ப நாங்க வர்றோம் செனோரா. உங்களுக்கு வேலை கெடக்கும்,” என்றார். லிந்தா சிரித்துக்கொண்டு தட்டை நீட்டினாள். அவர் பையிலிருந்து ஒரு மூடி போட்ட டப்பாவை எடுத்தார். “இதுல போட்டுக் குடுங்க, போற வழியில பிரச்சின இல்ல.” அவருக்குப் பின்னால் நின்றவளும் டப்பா வைத்திருந்தாள். அதற்குப் பின்னால் நின்றவனும். எல்லோரும் வீட்டிலிருந்தே டப்பா கொண்டுவந்திருந்தார்கள். கரண்டி அண்டாவுக்கும் டப்பாவுக்குமாகப் போய்ப் போய் வந்தது. பின்னால் வாத்தியம் முழங்கிக்கொண்டிருந்தது. இரவல் நாற்காலிகளில் யாரும் உட்காரவில்லை.

கடைசியாகச் செனாய்தா வந்தாள். லிந்தாவின் கன்னத்தில் முத்தம் வைத்தாள். “பாவாட ரொம்ப அழகா இருக்குடி,” என்றாள். லிந்தா வாயைத் திறந்தாள். இப்போது சொல்லிவிடுவாள் என்று நான் நினைத்தேன். மனசுக்குள் நானே அவளுக்காகச் சொல்லிக்கொண்டிருந்தேன்: இருடி, ஆடுவோம், இருடி. லிந்தா சொன்னது, “நேரமாச்சு இல்ல... சரி. போயிட்டு வா.” பழக்கம் இல்லாத வாய்க்கு அந்த நேரத்தில் பழக்கமான சொல்தான் வந்தது. செனாய்தா தலையசைத்துவிட்டு, அப்தோனைக் கூட்டிக்கொண்டு சரிவேறிப் போனாள்.

நானாவது சொல்லியிருக்கலாம். “எங்கடா போறீங்க, பீர் யாரு குடிக்கிறது?” என்று ஒரு அதட்டல் போதும், எங்கள் ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். நான் பீர் கேஸ் பக்கத்தில் மரம் மாதிரி நின்றேன். மேஸ்திரியும் ஆட்களும் மட்டும் ஒரு ஓரமாக உட்கார்ந்து, தலை நிமிராமல், மளமளவென்று சாப்பிட்டுவிட்டு எழுந்தார்கள். காலி நாற்காலிகளைப் பார்த்து வாசித்துக்கொண்டிருந்த ஹார்ப்புக்காரன் என்னை ஒதுக்குப்புறமாகக் கூப்பிட்டான். “அண்ணே, யாருக்குண்ணே வாசிக்கிறோம்? கீழ ஒரு ஞானஸ்நானத்துக்குக் கூப்பிடுறாங்க. நீங்க சொன்னா...” நான் போகச் சொல்லிவிட்டேன். கூப்பிட்ட வாத்தியக்காரனே பாதியில் கிளம்புகிற வீடாகிவிட்டது எங்கள் வீடு.

லிந்தா நாற்காலி ஒன்றில் உட்கார்ந்திருந்தாள். கரண்டி இன்னும் கையில் இருந்தது.

“கறி நல்லா இல்லியா?” என்றாள்.

“சாப்பிட்டாத்தான தெரியும்.”

“நான் எதாச்சும் தப்பாப் பேசிட்டேனா இன்னிக்கு?”

“இன்னிக்கு ஒண்ணும் பேசல.”

“இன்னிக்கு” என்பதை நான் அழுத்திச் சொல்லவில்லை. ஆனால் அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் உடனே, “அவங்கவங்களுக்கு வேல இருக்கும் லிந்தா. சனிக்கிழம பாரு,” என்று ஒரு பொய்யைப் போட்டு மூடினேன். வேறு வேலை இருக்காது என்பதால்தான் எல்லோரும் தளத்தைச் சனிக்கிழமை வைக்கிறார்கள், அது அவளுக்குத் தெரியாதா? கரண்டியைக் கீழே வைத்தாள். பிறகு எழுந்து அண்டாவின் இரண்டு காதிலும் துணியைச் சுற்றினாள். “புடி. மோட்டோவுல ஏத்து,” என்றாள்.

“எங்க?”

“செனாய்தா வீட்டுக்கு. அவங்க கை அசந்துபோற அளவுக்கு வேலை பார்த்தாங்க, சூடா சாப்பிடட்டும். டப்பாவுல போட்டுக் குடுத்து அனுப்பிட்டேன் பாரு, பிச்ச போடுற மாதிரி.”

நான் அண்டாவைப் பின் சீட்டில் வைத்துக் கயிறு கட்டினேன். பீர் கேஸ் ஒன்றையும் வைத்தேன். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. அண்டா சாயாமல் பிடித்துக்கொண்டு அவள் அதன் பக்கத்தில் உட்கார்ந்தாள். சரிவில் மோட்டோ முனகிக்கொண்டு ஏறியது. பாதி வழியில் “என் முகத்துல சிமெண்ட் இருக்கா?” என்று கேட்டாள். காதோரம் கொஞ்சம் இருந்தது. இல்லை என்றேன்.

செனாய்தா வீட்டு வாசலுக்குத் திரும்புகிற வளைவிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம். ஒருவன் எதையோ சொல்ல, பெண்கள் ஓவென்று கத்துகிறார்கள். பாட்டு ஓடுகிறது, யாரோ தரையைத் தட்டி ஆடுகிறார்கள். வண்டியைத் திருப்பிவிடலாமா என்று பார்த்தேன். பள்ளமும் சுவருமாக அந்த இடத்தில் திருப்ப வழியில்லை. அதற்குள் லிந்தா இறங்கிவிட்டாள்.

முற்றத்தில் அத்தனை பேரும் இருந்தார்கள். எங்கள் வீட்டுக் கலவை காயாத அதே கால்சட்டை, அதே செருப்பு. கவிழ்த்த வாளிகளிலும் செங்கல் அடுக்கிலும் உட்கார்ந்து, மடியில் டப்பாவை வைத்துக்கொண்டு எங்கள் கறியைத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கீழ்த் தெருக்காரர் ஒரு கையைத் தூக்கியபடி நடுவில் ஆடிக்கொண்டிருந்தார். லிந்தாவைப் பார்த்ததும் அந்தக் கை அப்படியே நின்றது. யாரோ பாட்டை அணைத்தார்கள். அப்தோன், பேரப்பிள்ளை எடுத்தவன், எங்கள் தளத்துக்கு ஞானத்தகப்பன், பீர் பாட்டிலை முதுகுக்குப் பின்னால் மறைத்தான்.

டீச்சர் வகுப்புக்குள் வந்துவிட்ட மாதிரி எல்லோரும் எழுந்து நின்றார்கள். எனக்கு முகம் எரிந்தது. அவர்களுக்கு வெட்கம், எனக்கு வெட்கம், ஆனால் லிந்தாவின் பக்கம் திரும்பிப் பார்க்க மட்டும் எனக்குத் துணிவு வரவில்லை.

“சும்மா... கால் வலிச்சுதுன்னு உக்காந்தோம் கொமாத்ரே,” என்றான் அப்தோன். “இப்பதான் உக்காந்தோம். இதோ எல்லாரும் கெளம்புறாங்க. நீங்க வாங்க, என்ன விஷயம்? கலவை எதும் வழிஞ்சிருச்சா?”

“ஒண்ணும் வழியல,” என்றாள் லிந்தா. அண்டாவைக் கையால் காட்டினாள். “கறி கொண்டுவந்தேன்.”

செனாய்தாதான் அவள் பக்கத்தில் வந்தாள். எங்கள் செனாய்தாவுக்கு ஒளிக்கத் தெரியாது. வருத்தமும் சிரிப்பும் எல்லாம் அவள் முகத்தில் அப்படியே தெரியும்.

“கோவிச்சுக்காதடி. நான்தான் எல்லார்கிட்டயும் சொன்னேன். அரட்டை அடிக்காம சீக்கிரம் முடிக்கணும், முடிஞ்ச கையோட கெளம்பணும், லிந்தாவுக்கு அதான் பிடிக்கும்னு. நீ எங்களுக்கு எப்பிடிச் செஞ்சியோ அப்பிடியே உனக்குச் செய்யணும்ல? எங்களுக்காக நீ சாப்பாடு, வாத்தியம்னு ஏற்பாடு பண்ணியிருக்க, கடமைக்குப் பண்ணியிருப்ப, பாவம். உக்காந்துட்டா எழுந்து போங்கன்னு சொல்லவும் உன்னால முடியாது, உனக்கு ஒரு நாள் வேலை போயிடும்னு...” அவள் லிந்தாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே பேசியவள், பாதியில் நிறுத்தினாள். “நாங்க நல்லதுக்குத்தாண்டி செஞ்சோம்.”

ஒரு துளி குத்தல் அதில் இல்லை. இருந்திருந்தால் எவ்வளவோ தேவலை. பழி வாங்கினாள் என்றால் திட்டலாம், அழலாம், சண்டை போட்டுவிட்டு ஒரு வாரத்தில் சேர்ந்துகொள்ளலாம். அன்பாகச் செய்ததை வைத்துக்கொண்டு என்ன செய்வது? லிந்தா பாவாடையைக் கையால் பிடித்து உள்ளே மடக்கிக்கொண்டாள், இத்தனை பேர் பார்க்கும்படி அதைக் கட்டி வந்ததே தப்பு என்பது போல. காலையில் அவள் ஏப்ரனுக்குள் அதை மறைத்தது சந்தோஷத்தில். இப்போது மறைத்ததைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை.

“நானும்...” என்றாள். அப்புறம் வரவில்லை. மறுபடி, “இன்னிக்கு நான் மெஷினத் தொடலடி,” என்றாள்.

செனாய்தா கொஞ்ச நேரம் அவளைப் பார்த்தாள். பாவாடையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் கையை வாயில் வைத்து, “அடியே,” என்றாள் மெதுவாக. “அடியே, ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?” தன் வாளியைக் காலால் தள்ளி லிந்தாவின் பின்னால் வைத்தாள். லிந்தா அதன் விளிம்பில் உட்கார்ந்தாள், உடனே எழுந்துகொள்ளப் போகிறவள் மாதிரி. மற்றவர்களும் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். பாட்டை யாரும் போடவில்லை. நானும் இன்னொருவனும் அண்டாவை இறக்கி நடுவில் வைத்தோம். அதைத் திறக்கவும் யாரும் வரவில்லை.

அப்தோன் முதுகுக்குப் பின்னாலிருந்து பாட்டிலை எடுத்தான். பக்கத்தில் இருந்தவன் கண்ணாடிக் குவளையை நீட்டினான். எங்களில் எத்தனை பேர் குடித்தாலும் குவளை ஒன்றுதான். பாட்டிலை வாங்கி ஊற்றிக்கொண்டு, பாட்டிலை அடுத்த ஆளிடம் கொடுத்துவிட்டுக் குடிக்க வேண்டும். கடைசி நுரையைத் தரையில் உதறிவிட்டுக் குவளையையும் கொடுக்க வேண்டும். நீ குடித்து முடித்தால்தான் அடுத்தவனுக்கு. யார் வீட்டிலும் லிந்தா அந்தக் குவளையைத் தொட்டதில்லை. அவள் முன்னால் வந்ததும் கை தானாக அவளைத் தாண்டி அடுத்த ஆளுக்குப் போய்விடும். இப்போதும் அப்தோனின் கை வழக்கப்படி அவளைத் தாண்டி என்னிடம் வந்தது.

லிந்தா கையை நீட்டினாள்.

அப்தோன் ஒரு கணம் திகைத்தான். பிறகு குவளையையும் பாட்டிலையும் அவளிடம் கொடுத்தான். அவளுக்கு ஊற்றத் தெரியவில்லை. நுரை பொங்கி விரலில் வழிந்து பாவாடையில் சொட்டியது. பாட்டிலை என்னிடம் கொடுத்தாள், அதில் அவள் கைச் சூடு இருந்தது. குவளையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஒரு வாய் குடித்தாள். கசந்திருக்க வேண்டும், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இன்னொரு வாய் குடித்தாள், புரை ஏறியது, இருமினாள். மேலுதட்டில் வெள்ளையாக மீசை மாதிரி நுரை ஒட்டிக்கொண்டது.

வேறு எந்தப் பெண்ணுக்கு அப்படி ஆகியிருந்தாலும் எங்கள் ஆட்கள் வாளியைத் தட்டி ஊளையிட்டிருப்பார்கள். அந்த மீசையை வைத்தே ஒரு வருஷம் ஓட்டியிருப்பார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லோரும் மரியாதையாகக் காத்திருந்தார்கள். கீழ்த் தெருக்காரர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். செனாய்தா கன்னத்தை உள்ளுக்குள் கடித்துக்கொண்டிருந்தாள். நான் அப்தோனைப் பார்த்தேன். சிரியேண்டா, ஒரு வார்த்தை கிண்டலாகச் சொல்லேண்டா என்று கண்ணாலேயே கெஞ்சினேன். அவன் பார்வையைத் திருப்பிக்கொண்டான். குவளையில் இன்னும் பாதி இருந்தது. லிந்தா உதட்டைத் துடைக்காமல், நுரையோடு, ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.